அடி வாங்குவதை மட்டும்தான் பார்க்கணுமா?

ஓடிடியில் என்ன பார்ப்பது என்று பேச்செடுத்தாலே நம் தோழர்கள் சிலருக்கு முகம் சுளிக்கிறது. வேலையத்தவன் கேக்குற கேள்வி என்கிறார்கள். சோபாவும் குளிர்பெட்டியும் உள்ள வீட்டுக்காரன் கவலை நமக்கெதற்கு என்கிறார்கள். மரக்காணம் உப்பளத்துக்குக் கூலி போகிற எங்கள் தெருவுக்கு ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் பிறகு சொல்லட்டும். வீட்டுக்கு ஒரு செல்லாவது இருக்கிறது. ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணி. உப்பு வார முடியாது. மழை விட்டு, வரப்பு கட்டி, பாத்தி மிதித்து, மறுபடி உப்பு பூக்கிற வரைக்கும் கையில் கூலி கிடையாது. அரசாங்கம் மழைக்கால நிவாரணமாகத் தருகிற 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மாசங்களில் எங்கள் சனம் என்ன செய்கிறது? படம் பார்க்கிறது. சுருண்டு படுத்துக்கொண்டு, ஒரு செல்லை நாலு தலை மறைத்துக்கொண்டு பார்க்கிறது. வருசத்தில் மூணு மாசம் ஒரு சனத்தின் கண்ணுக்குள் போகிற விசயத்தைப் பற்றிப் பேசக் கூடாதென்றால் வேறெதைப் பேசுவது?

படம் சேரிக்குள் வந்த கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். என் அப்பா தலைமுறைக்கு டி.வி. பெட்டி ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் போனால் சன்னலுக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டும். உள்ளே இருப்பவன் எழுந்து குறுக்கே நின்றால் அன்றைக்குப் பாட்டு மட்டும்தான், படம் கிடையாது. 2006இல் வந்த தி.மு.க. ஆட்சி இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டு வாசலுக்குள் படம் வந்தது. அதை இலவசம் என்று கேலி பேசியவன் எவனும் சன்னலுக்கு வெளியே நின்றவன் இல்லை.

சரி, பெட்டி வந்தது. பெட்டிக்குள் என்ன வந்தது? 'சின்ன கவுண்டர்', 'தேவர் மகன்' (இரண்டும் 1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994). திரும்பத் திரும்ப, பண்டிகைக்குப் பண்டிகை. துண்டை உதறித் தோளில் போடுகிறவன் தீர்ப்புச் சொல்ல, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு அதில் பேரே இருக்காது. அந்தப் பேரில்லாதவன்தான் நாம்.

நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளையில் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "முன்னெல்லாம் படம் எவ்ளோ நல்லா இருந்திச்சு சார், இப்ப எதை எடுத்தாலும் சாதி சாதின்னு..." என்று ஒருவர் டிபன் பாக்ஸைத் திறப்பார். தலைப்பிலேயே சாதிப் பட்டத்தைப் போட்டு எடுத்த படங்களில் இவருக்குச் சாதி தெரியவில்லை. பரியன் சட்டக் கல்லூரி பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோதுதான் சாதி தெரிந்தது. பார்க்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் படமும் இருக்கிறது.

இப்போது ஓடிடிக்கு வருவோம். 2016 சனவரியில் நெட்ஃப்ளிக்ஸ், டிசம்பரில் அமேசான் பிரைம், இடையில் செப்டம்பரில் ஜியோ. டேட்டா மலிந்தது, செல்லு சினிமாக் கொட்டகை ஆனது. 2021 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் செல்லுக்கான மாதக் கட்டணத்தை 149 ரூபாய்க்கு இறக்கியது. உப்பு சுமக்கிறவளுக்கு 149 ரூபாயும் காசுதான். சீட்டுக் கட்டுகிற மாதிரி நாலு பேர் சேர்ந்து ஒரு கணக்கு வாங்குகிறோம். வாங்க முடியாதவன் டெலகிராமில் இறக்கிப் பார்க்கிறான். எப்படியோ, சன்னலுக்கு வெளியே நிற்கிற காலம் போனது. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்கிற இடத்துக்கு முதல் தடவையாக நாம் வந்திருக்கிறோம். அதனால்தான் இதைச் சாதாரணமாக விட முடியாது என்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்த படம் 'ஜெய் பீம்'. த.செ. ஞானவேல் இயக்கி, 2021 நவம்பர் 2 அன்று நேராகப் பிரைமில் வந்தது. 1993இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கு. பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு மனு. நிஜத்தில் அந்தக் குடும்பம் குறவர் சமூகத்தைச் சேர்ந்தது. படத்தில் இருளர் ஆக்கியிருந்தார்கள். மரக்காணம், திண்டிவனம் பகுதி இருளர்களுக்கு அது புதுக்கதை இல்லை. பொய்க் கேசு என்றால் என்ன, சாதிச் சான்றிதழுக்கு எத்தனை தடவை நடக்க வேண்டும் என்பதெல்லாம் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் 1990களிலிருந்து திண்டிவனத்தில் உட்கார்ந்து பேசிவந்த விசயங்கள். படம் வந்த வேளையில் இருளர் நலனுக்கென்று சூர்யா 1 கோடி ரூபாய் கொடுத்தார்.

படத்தைப் பார்த்து நாடே அழுதது. எழுத்தாளர் அழுதார், ஐ.ஏ.எஸ். அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே இன்னொரு கூட்டம் வேறொன்றைப் பார்த்தது. எஸ்.ஐ. வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அக்கினிச் சட்டி. இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் ஒரு மனுசனை மிளகாய்ப் பொடி போட்டு அடித்துக் கொன்றதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்த கண்ணை என்னவென்று சொல்வது? நாள்காட்டியை மாற்றினார்கள். மாற்றிய பிறகும் சண்டை ஓயவில்லை.

இதெல்லாம் வெளியில் நடந்தது. எங்கள் தெருவில் நடந்த பேச்சு வேறு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது லாக்கப் காட்சி வந்ததும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். வயசான அம்மா ஒருத்தர் என்னைக் கேட்டார்: "ஏன் கண்ணு, நாம அடி வாங்கறத நாமளே காசு குடுத்துப் பாக்கணுமா? எப்பப் பாரு நம்மளத்தான் அடிக்கிறானுவ. நாம சிரிக்கிற மாரி ஒரு படமும் கெடையாதா?"

இந்தக் கேள்விக்குள் நம் அழகியல் விவாதம் மொத்தமும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். அடிக்கிற காட்சி யாருக்காக எடுக்கப்படுகிறது? தெரியாதவனுக்குத் தெரிவிப்பதற்காக. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் கூரை எரிந்ததைக் கண்ணால் பார்த்த சனத்துக்கு, கூரை எரிவதைத் திரையில் காட்டித் தெரிவிக்க என்ன இருக்கிறது? அது சாதி இந்து மனச்சாட்சிக்குப் போடுகிற ஊசி. போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அவனுக்குப் போடுகிற ஊசியை நமக்கும் சேர்த்துக் குத்துவதுதான் கேள்வி. நம் பிள்ளைகள் செல்லைத் திறந்தால் தங்கள் உடம்பை அடிபட்ட உடம்பாக மட்டுமே பார்த்துப் பார்த்து வளர்ந்தால் அந்த உடம்பு அவர்களுக்கே பாரமாகிவிடாதா?

அதற்காக ஜெய் பீமைப் பார்க்காதே என்று நான் சொல்லமாட்டேன். அதில் பார்க்க வேண்டியதே வேறு இடத்தில் இருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து செங்கேணி வெளியே வருகிறாள். வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஜீப்பில் ஏறு ஏறு என்று போலீசு கெஞ்சுகிறது. அவள் ஏறவில்லை. நிறைமாசக்காரி நடக்கிறாள், பின்னால் ஜீப்பு ஊர்ந்து வருகிறது. எழுந்து போன பொம்பளைகள் திரும்பி வந்து, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வை என்றார்கள். மூணு தடவை வைத்தோம். சூர்யா வாதாடுகிற காட்சியை யாரும் திருப்பி வைக்கச் சொல்லவில்லை.

எங்கள் சனம் எதைத் திருப்பிப் பார்க்கிறது என்பதிலிருந்தே சில அளவுகோல்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, படத்தில் காரியத்தைச் செய்கிறவர் யார்? நமக்காக ஒருவர் வந்து போராடி, நாம் கண்ணீரோடு கும்பிட்டு முடிகிற படம் என்றால் அதில் நமக்குக் கிடைப்பது ஒரு சாமி. சாமிகள் நமக்கு ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள். பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021, பிரைம்) கபிலனுக்கு வாத்தியார் உண்டு, வேண்டியவர் உண்டு. ஆனால் ரிங்குக்குள் ஏறிக் குத்துவது அவன் கை. குடித்துச் சீரழிவதும் அவனேதான், எழுவதும் அவனேதான். வீட்டில் மாரியம்மா அவனைப் போடுகிற போடு இருக்கிறதே, தமிழ் சினிமாவில் பொண்டாட்டிக்கு அப்படி ஒரு வாய் கொடுத்தவர்கள் குறைவு.

இரண்டாவது, காசு எப்படிப் போகிறது என்று படம் காட்டுகிறதா? மாரி செல்வராஜின் 'வாழை' (2024, ஹாட்ஸ்டார்) சின்னப் பையன் கதை என்று எல்லாரும் உருகினார்கள். எங்கள் தெருவில் பேசப்பட்டது அந்த ஒரு ரூபாய். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள், கிடைக்கிறது. கூட்டிக் கொடுத்த காசை முதலாளி வண்டி வாடகையில் பிடிக்கப் பார்க்கிறான். ஆளை ஏற்ற வேறு வண்டி கிடையாது. வாழைத்தார் ஏற்றிய லாரி மேலேயே ஏறி வா என்கிறான். சாவு அங்கிருந்து வருகிறது. விதி இல்லை, விபத்தும் இல்லை, கணக்கு. தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் ஓடுகிற பொம்பளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "இங்க மட்டும் என்னவாம்?" என்றுதான் கேட்டார்கள். சங்கம் கூட்டி நான் பேசியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

மூன்றாவது, அந்த அம்மா கேட்டது. நாம் சிரிக்கிறோமா, காதலிக்கிறோமா, வயிறாரச் சாப்பிடுகிறோமா? இரஞ்சித்தின் முதல் படம் 'அட்டகத்தி' (2012). காதலில் தோற்ற பையன் அழ வேண்டிய நேரத்தில் பசிக்கிறது என்று தின்கிறான். யாரும் யாரையும் வெட்டவில்லை. நம் வீடு, நம் சாப்பாடு, நம் கேலி, நம் பேச்சு. புரட்சிகரமான படம் எது என்று விமரிசகர்கள் அடித்துக்கொள்ளட்டும். என் கணக்கில் அந்தப் படமும் அதில் சேர்த்தி. அவரே எடுத்த 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ரெனே தன்னை அம்பேத்கரைட் என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிறாள். இரக்கம் கேட்காத பெண். நம் பெண் பிள்ளைகளுக்கு அவள் தேவை.

நான்காவதாக ஒன்று, மேசை வேலைக்காரன் என்கிற முறையில் நான் சேர்ப்பது. விண்ணப்பப் படிவத்துக்கும் நமக்குமான உறவைக் காட்டுகிற படங்கள். நீரஜ் கெய்வானின் 'கீலி புச்சி' (2021, நெட்ஃப்ளிக்ஸின் 'அஜீப் தாஸ்தான்ஸ்' தொகுப்பில் ஒரு படம்). தொழிற்சாலையில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற தலித் பெண் பாரதி மேசை வேலை கேட்கிறாள், தகுதியும் இருக்கிறது. வேலை புதிதாக வந்த பார்ப்பனப் பெண்ணுக்குப் போகிறது. பாரதி பேரை மாற்றிச் சொல்லிக்கொண்டு அவளோடு பழகுகிறாள். அவரே எடுத்த 'ஹோம்பவுண்ட்' (2025), பொதுமுடக்கக் காலத்தில் ஊருக்குத் திரும்பிய இரண்டு நண்பர்களைப் பற்றி பஷரத் பீர் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த படம். ஒருவன் தலித், ஒருவன் முஸ்லிம். இடஒதுக்கீட்டுக் கட்டத்தில் குறி போட்டால் கிடைக்கும், போட்டால் தெரிந்துவிடும். பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தின் முன்னால் நின்ற கையை எனக்குத் தெரியும். அந்தக் கையில் ஒரு அடியும் விழவில்லை. ஆனாலும் அது வன்முறைதான் என்பதை இந்தப் படங்கள் சத்தமில்லாமல் சொல்கின்றன.

அதோடு சும்மா பார்த்துவிட்டுப் போகவும் முடியாது. படம் நம் பக்கம் என்பதாலேயே பார்வையும் நம் பக்கம் ஆகிவிடுவதில்லை. 'மாமன்னன்' 2023 சூனில் தியேட்டருக்கு வந்து, சூலையில் நெட்ஃப்ளிக்ஸ் ஏறியது. எம்.எல்.ஏ. ஆன பிறகும் கட்சிக்காரன் முன்னால் உட்காராத அப்பனையும், நாற்காலியை இழுத்துப் போடச் சொல்கிற மகனையும் பற்றிய படம். வீட்டு வீட்டுக்கு வந்த சில நாட்களில் என்ன நடந்தது? வில்லன் ரத்தினவேலுவை வெட்டி எடுத்து, சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டு, எங்காளு எங்காளு என்று செல்லுக்குச் செல்லு அனுப்பினார்கள். நாயை அடித்துக் கொல்லுகிறவனைக் கொண்டாடினார்கள். தியேட்டரில் நாலு பக்கமும் நாலு சனம் உட்கார்ந்திருக்கும்போது செய்யக் கூசியதைத் தனித்தனிச் செல்லில் கூசாமல் செய்தார்கள். தனியாகப் பார்க்கிறவனிடம் பதில் பேச யாரும் இல்லை. ஓடிடியின் பெரிய ஆபத்து இது என்று நினைக்கிறேன். நீ எதைப் பார்த்தாயோ அதையே இன்னும் கொஞ்சம் காட்டுகிற இயந்திரம் அது. வெட்டரிவாளைப் பார்த்தவனுக்கு இன்னொரு வெட்டரிவாள்.

காட்டாமல் விடுவதும் உண்டு. சந்தியா சூரியின் 'சந்தோஷ்' (2024) என்றொரு படம். தலித் சிறுமியின் கொலையை விசாரிக்கப் போகிற பெண் போலீசின் கதை, வடநாட்டுக் காவல் துறையின் சாதிப் புத்தியைத் தோலுரிக்கிறது. பிரிட்டன் அதைத் தன் படமாக ஆஸ்கருக்கு அனுப்பியது. இங்கே 2025இல் தணிக்கை வாரியம் கேட்ட வெட்டுகளால் தியேட்டருக்கு வரவில்லை. அந்த அக்டோபரில் லயன்ஸ்கேட் ப்ளேயில் வருவதாக அறிவித்தார்கள், அதுவும் நின்றது. ஓடிடிக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் நின்றது. ஆக, நம் முன்னால் விரித்து வைத்திருக்கிற பட்டியல் எவனோ சலித்துக் கொடுத்த பட்டியல். சலித்துக் கொட்டியதில் என்ன போனது என்றும் தேட வேண்டும். மலக்குழித் தொழிலாளர் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தைத் திரையிட விடாமல் போலீசு தடுத்தபோது அது யூடியூபில்தான் சனத்திடம் போனது. வெண்மணி பற்றிய பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' (2005) எந்த வலைத்தளமும் இழுத்து வந்து காட்டுகிற படம் இல்லை. நாம்தான் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் எங்கள் தெரு என்னைச் சும்மா விடாது. உப்பளம் என்றால் நம் சினிமாவுக்குச் சண்டை போடவும் பாட்டுக்கு ஆடவும் வெள்ளையாக மின்னுகிற தரை. வாருகிறவள் அதில் இல்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்தை வைத்து 'கரிப்பு மணிகள்' (1979) எழுதி இத்தனை வருசமாகியும் சினிமாவின் கண் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஃபரீதா பாச்சா எடுத்த 'மை நேம் இஸ் சால்ட்' (2013) ஆவணப்படத்தைத் தேடிப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். குசராத்தின் கட்ச் சின்ன ரண். போன வருசம் சேற்றில் புதைத்துவிட்டுப் போன டீசல் எஞ்சினைத் தோண்டி எடுப்பதில் தொடங்குகிறது. அகரியா குடும்பம் ஒன்று எட்டு மாசம் அந்தப் பொட்டலிலேயே கிடந்து, பூமிக்கடியிலிருந்து உவர் நீர் இறைத்து, காலால் மிதித்து மிதித்து உப்பு விளைவிக்கிறது. மழை வந்து பாத்தியைக் கரைத்துவிட்டுப் போகிறது. மறுபடி தோண்டல். யாரும் யாரையும் அடிக்கவில்லை, வசனமும் பெரிசாக இல்லை. அந்த அகரியா பொம்பளையின் காலைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்க்கிறவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். பாசை தெரியாமலே இவள் நம்மாளு என்று கண்டுபிடிக்கிற இடம் அது.

பாசை என்றதும் நம் படித்த தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். வேற்றுமொழிப் படங்கள் பலவற்றுக்குக் கீழே ஓடுவது ஆங்கில எழுத்து. நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபண்ட்ரி' (2013) கடைசியில் அந்தப் பையன் நம்மைப் பார்த்துக் கல்லெறிவதற்கு எந்த எழுத்தும் தேவையில்லை. அதற்கு முன்னால் ஓடுகிற பேச்சுக்குத் தேவை. நம் வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் என்ன செய்வான்? ராசா வேசம் கட்டி வந்தவனையே "யாருய்யா நீ, எங்கேருந்து வர்ற?" என்று மடக்கி, சனத்துக்குப் புரிகிற பேச்சில் கதையை இறக்கி வைப்பான். ஓடிடிக்கும் நமக்கு ஒரு கட்டியங்காரன் வேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை படத்தை முன்னாலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, ஓடும்போது நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். வில்லன் வசனம் பேசினால் கேலியும் பண்ணலாம். எத்தனை பட்டதாரிகள் இருக்கிறோம் நம் சேரிகளில், இதைக்கூடச் செய்ய முடியாதா?

அடுத்த மழைக்காலத்துக்கு எங்கள் தெருவில் இப்படி யோசித்திருக்கிறோம். ஞாயிறு சாயங்காலம், வாடகைக்கு ஒரு புரொஜக்டர், வெள்ளை வேட்டி ஒன்று. ஓடிடிக்காரன் விதிப்படி வீட்டுக்குள் பார்க்கத்தான் கணக்கு. எங்கள் வீட்டுக்கு எது உள்ளே எது வெளியே என்பதை அவன் எங்கள் தெருவுக்கு வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். படம் முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போகக் கூடாது, அரை மணி நேரம் பேச வேண்டும். முதலில் பொம்பளைகள், அப்புறம் பிள்ளைகள், கடைசியில் என்னைப் போல வாய் நீண்டவர்கள். 'அட்டகத்தி', 'வாழை', 'சார்பட்டா', 'ஃபண்ட்ரி', 'கீலி புச்சி', உப்புப் படம். வரிசையை நான் போடவில்லை. சிரிக்கிற படம் கேட்ட அந்த அம்மாவிடம் விட்டிருக்கிறோம். அவர் முதலில் 'அட்டகத்தி'யை வைக்கச் சொல்லிவிட்டார்.

உங்கள் தெருவில் எதை வைத்தீர்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள், எந்த இடத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள் தோழர்களே. விமரிசகர்களின் பட்டியலை விட எனக்கு அது உபயோகம்.